பேசி முடிக்கும்வரை

மருத்துவமனைத் துணியை வெளுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. வீட்டுத் துணியில் கறை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். இதில் கறை இல்லாத இடம் எங்கே என்று தேட வேண்டும். ரத்தக் கறையை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் ஊறவிட வேண்டும். அவசரப்பட்டு வெந்நீரில் போட்டால் தீர்ந்தது, கறை துணியைக் கல்யாணமே செய்துகொண்டுவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் முதல் வாரம் இந்தத் தப்பைச் செய்வார்கள், திட்டு வாங்குவார்கள், பிறகு அடுத்து வருகிறவர்களைத் திட்டுவார்கள்.

அந்தச் சலவைக்கூடம் அங்கே வேலை செய்கிற நாற்பத்தொரு பேருக்கும் சொந்தம். பழைய முதலாளி கதவைச் சாத்திவிட்டுப் போனபோது வேலைக்காரர்களே ஆளுக்கொரு பங்காக வாங்கி நடத்த ஆரம்பித்தார்கள். எல்லாரும் முதலாளியாகிவிட்ட இடத்தில் எல்லாவற்றையும் பேசித்தானே தீர வேண்டும்? மாதத்தின் முதல் சனிக்கிழமை, வேலை முடிந்து மூன்று மணிக்கு, உலர்த்தும் அறையில் கூட்டம். மழைக்காலத்தில் கொஞ்சம் சூடு மிச்சமிருக்கிற அறை அது ஒன்றுதான். தலைமை நாற்காலி டோக்கன் எண் வரிசைப்படி மாதத்துக்கு ஒருவராகச் சுற்றி வரும். ஒருவர் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி மூன்றரை வருஷம் காத்திருக்க வேண்டும்.

பதினேழாம் டோக்கன் பெரியக்காவுடையது. நாற்பத்தைந்து வயது. வயதில் மூத்தவர்கள் பத்துப் பேர் இருந்தாலும் அவளுக்குத்தான் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. காரணம் அவள் தம்பி. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்குப் பத்து வயது, அவளுக்கு இருபத்தொன்று. அவனை வளர்த்து ஆளாக்கி, பத்தொன்பது வயதில் இதே கூடத்தில் சலவை உருளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். தனக்கென்று ஒரு வாழ்க்கை வேண்டும் என்று அவளுக்கு நினைவு வந்தபோது காலம் கடந்திருந்தது. அதைப் பற்றி அவள் பெரிதாக அலட்டிக்கொள்வதும் இல்லை.

தம்பிக்குத் திக்குவாய். கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு 'பாதி' என்று பெயர். எந்தப் பேச்சையும் அவன் முடித்ததில்லை, யாராவது முந்திக்கொண்டு முடித்துவிடுவார்கள். பெரியக்கா மட்டும் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கூட்டத்தில் எழுந்தான். மூன்றாம் உருளையின் பெல்ட் பிரிந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல வந்தான். 'மூ' என்பதிலேயே நின்றுவிட்டது. "மூட்டையா?" என்றார் ஒருவர். "மூட்டைப்பூச்சியா?" என்றார் இன்னொருவர். அறையே சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான். மூன்றாம் நாள் பெல்ட் அறுந்து, பக்கத்தில் நின்ற பெண்ணின் இரண்டு விரல்களைக் கொண்டுபோயிற்று.

அடுத்த கூட்டத்தில் பெரியக்கா எழுந்து ஒரு விதியை வாசித்தாள். அவளே பென்சிலால் எழுதி வைத்திருந்தது. பேச எழுந்தவர் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது. அவர் சொல்ல வந்த சொல்லை யாரும் எடுத்துக் கொடுக்கவும் கூடாது. எல்லாரும் பேசிய பிறகே ஓட்டு. ஒரு கைகூட எதிராக எழவில்லை. ஏழாவது விதி என்று அது பதிவாயிற்று. அதன்பிறகு தம்பி கூட்டங்களில் பேசினான். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். உலர்த்தும் அறையில் நாற்பது பேர் தரையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். அந்த அமைதியைப் பார்க்கும்போதெல்லாம் பெரியக்காவுக்கு நெஞ்சு நிறைந்துபோகும். வாழ்க்கையில் உருப்படியாக ஒன்று செய்தோம் என்று அவளுக்கு இருந்ததெல்லாம் அது ஒன்றுதான்.

இது பதினைந்து வருஷத்துக்கு முந்தைய கதை. இப்போது அந்த விதியை வைத்துத்தான் கூத்து நடக்கிறது.

கூத்துக்குத் தலைவர் கொதிகலன்காரர். நீராவிக் கொதிகலனைப் பார்த்துக்கொள்கிறவர், அதிர்ந்து பேசாதவர், பெண்களைக் கண்டால் மூட்டையை வாங்கித் தூக்கிக்கொண்டு வருகிறவர். பெரியக்கா காய்ச்சலில் கிடந்தபோது இரண்டு நாள் சூப்பும் ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான். கெட்டவர் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். அவர் கெட்டவராக நடந்துகொள்ளவே மாட்டேன் என்கிறார், அதுதான் தொந்தரவு. இரண்டு வருஷத்துக்கு முன் அவர் சட்டையில் சாம்பல் நிறத்தில், நெஞ்சில் குத்திக்கொள்கிற ஒரு பட்டன் முளைத்தது. நாடு முழுக்க முளைத்துக்கொண்டிருந்த பட்டன். அதைக் குத்திக்கொண்டவர்கள் வாயைத் திறந்தால் இரண்டாவது வார்த்தை 'ஒழுங்கு' என்பதால் ஜனங்கள் அவர்களுக்கு ஒழுங்குக்காரர்கள் என்று பெயர் வைத்தார்கள். நாடு ஒழுங்காக வேண்டும், அதற்கு ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் போக வேண்டும். மொத்தக் கொள்கையையும் ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம்.

கூடத்தில் அக்கரைக்காரர்கள் பதினோரு பேர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அங்கே சண்டை மூண்டபோது ஓடிவந்து, உழைத்துப் பங்கு வாங்கியவர்கள். ஊருக்கு வெளியே ஆறு மைலில் ஒரு குடியிருப்பில் இருந்தார்கள். ஐந்து மணிக்கு ஒரு பஸ். அதை விட்டால் மறுநாள் காலைதான். இருட்டில் அந்தச் சாலையில் அக்கரைக்காரர்கள் நடக்கிற நிலைமை இப்போது இல்லை. இரண்டு பேர் அடிபட்டுக் கிடந்து, இதே மருத்துவமனைக்கு வந்து, அவர்கள் சட்டை இதே கூடத்துக்கு வெளுக்க வந்தது.

மூன்று கூட்டங்களாக ஒழுங்குக்காரர்கள் செய்தது மிகவும் எளிமையான காரியம். எழுந்து பேசினார்கள். ஒருவர் உட்கார்ந்ததும் இன்னொருவர். சோப்புத்தூளைப் பற்றி, வானிலையைப் பற்றி, தன் மாமனாரின் மூட்டுவலியைப் பற்றி. யாரும் குறுக்கிட முடியாது, விதி. மணி ஐந்தை நெருங்கும்போது பதினோரு பேரும் ஒவ்வொருவராகப் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போவார்கள். ஐந்தே காலுக்கு ஓட்டு. முதல் மாதம், பண்டக அறைச் சாவி அக்கரைக்காரர்கள் கையில் இருக்கக் கூடாது. இரண்டாம் மாதம், அவர்களுக்கு டீ இடைவேளை தனி. மூன்றாம் மாதம், கூடத்துச் சுவரில் சாம்பல் கொடி. விதியை மாற்றலாம் என்று ஒருவர் முயன்றார். அதையும் பேசித்தானே தீர்மானிக்க வேண்டும்? பேசியே ஐந்து மணியாக்கினார்கள்.

இந்த மாதத் தீர்மானம் பத்து நாளாகச் சுவரில் ஒட்டியிருந்தது. அக்கரையில் பிறந்தவர்களுக்கு இனி ஓட்டு இல்லை. ஓட்டுப் போனால் அடுத்த மாதம் பங்கு போகும், அதற்கடுத்த மாதம் வேலை போகும். இது எழுதப்படிக்கத் தெரியாதவனுக்கும் தெரிந்தது. தலைமை நாற்காலி இந்த மாதம் பதினேழாம் டோக்கனுக்கு.

"என்ன பெரியக்கா, இன்னும் அந்த விதியைக் கட்டிக்கிட்டு அழறியா?" என்று கூட்டத்தன்று காலை கேட்டார் வண்டிக்காரர். வெளுத்த துணியை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறவர். மழையில் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"நான் எங்க அழறேன்? மழை பெய்யுது, மூஞ்சி நனைஞ்சிருக்கு."

"சிரிப்புக் காட்டாத. நாற்காலியில நீ இருக்க. எவனாவது மாமனார் மூட்டுவலியை ஆரம்பிச்சான்னா, உக்காருடான்னு சொல்லு. தீந்துது."

"இன்னைக்கு அவங்க வாயை நான் அடைச்சா, நாளைக்கு எவன் வந்தாலும் யார் வாயை வேணா அடைப்பான். முதல்ல அடைபடறது யார் வாய்ன்னு எனக்குத் தெரியும்."

"உன் தம்பி வாயா?" வண்டிக்காரர் மூட்டையைக் கீழே வைத்தார். "அவன் சட்டையில பட்டன் இருக்குதே, பாத்தியா?"

"என் வீட்டுல துவைக்கற சட்டைதானே. பாக்காம?"

அவர் மூட்டையை ஏற்றிவிட்டு, போகிறபோக்கில், "அஞ்சு மணிக்கு ஆபரேஷன் அறைத் துணி போய்ச் சேரணும். நானும் கூட்டத்துல கடைசி வரைக்கும் இருக்க முடியாது, சொல்லிட்டேன்," என்றார்.

பட்டனை அவள் முதலில் பார்த்து ஏழெட்டு மாதம் ஆகிவிட்டது. அதற்கு முன்பே அவன் குரலைக் கேட்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முட்டை வாங்கிக்கொண்டு வரும்போது பள்ளிக்கூட மைதானத்திலிருந்து ஒழுங்குக்காரர்கள் அணிவகுத்து வந்தார்கள். கோஷம் போட்டுக்கொண்டு, எல்லாரும் ஒரே குரலில். ஒதுங்கி நின்றாள். நான்காம் வரிசையில் தம்பி. வாய் முழுக்கத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைக்கவில்லை, கண் மூடவில்லை. வார்த்தைகள் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தன. ஊரோடு சேர்ந்து கத்தும்போது அவனுக்குத் திக்கவே இல்லை.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவர்கள் என்ன கத்துகிறார்கள் என்பது காதில் ஏறுவதற்கு முன்பே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகுதான் வார்த்தைகள் ஏறின. முட்டைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அன்று உருளைக்கிழங்கு வேகும் நேரத்தில் கேட்டாள், "அவங்க சொல்றதையெல்லாம் நீ நம்புறியாடா?"

அவன் வெகுநேரம் எடுத்துக்கொண்டான். "எ... எல்லாத்தையும் இல்ல."

"பின்ன எதுக்குப் போற?"

"அ... அங்க... அங்க யாரும் எ... என் வாயைப் பாக்கறதில்லக்கா."

"நான் பாக்கறேனா?"

"நீ... நீ கா... காத்துக்கிட்டு இருக்க." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "அ... அதுவும் க... கஷ்டமா இருக்கு."

இப்படி ஒரு பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. இருபத்துநாலு வருஷமாகக் காத்திருந்தது அன்பு என்று நினைத்திருந்தாள். எதிரில் இருந்தவனுக்கு அது பாரமாக இருந்திருக்கிறது. அன்றிலிருந்து அவன் பேசும்போது உருளைக்கிழங்கை உரிக்கிற மாதிரியோ ஜன்னலைப் பார்க்கிற மாதிரியோ பாவனை செய்தாள். அவனுக்கும் அது தெரிந்தது. வீட்டில் பேச்சு குறைந்தது. ஒரே அறையில் இரண்டு பேர் இரண்டு வீட்டில் குடியிருக்கிற மாதிரி இருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை மடிப்பு மேஜையில் நின்றபோதும் வெளியே மழை விடவில்லை. படுக்கை விரிப்பை ஒரு ஆள் மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று, ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, இழுத்து உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். பெரியக்காவுக்கு எதிரில் ஒன்பது வருஷமாக நிற்கிறவள் ஓர் அக்கரைக்காரி. ஜோடி என்றுதான் கூப்பிடுவாள். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. நானூறு முறை தள்ளிப்போய் நானூறு முறை கிட்டே வருவார்கள். கிட்டே வரும்போது ஒரு வாக்கியம், அடுத்த விரிப்பில் அதற்குப் பதில். அப்படியே ஒன்பது வருஷக் கதையைப் பேசி முடித்திருக்கிறார்கள்.

"எங்க வீட்டுக்காரர் பெட்டியைக் கட்டச் சொல்றாருக்கா," என்றாள் ஜோடி, முனையைக் கொடுத்துக்கொண்டே.

அடுத்த விரிப்பு. "எங்க போவீங்க?"

அடுத்தது. "அது தெரிஞ்சா கட்டிட மாட்டேனா?"

இன்னும் இரண்டு விரிப்பு மடித்தார்கள்.

"நீ இன்னைக்கு பஸ்ஸை விட்டுடு ஜோடி. எங்க வீட்டுல வந்து படுத்துக்க."

"நான் ஒருத்தி இருந்துட்டா போதுமா? பத்துப் பேருக்கும் புள்ளைங்க இருக்கு. இருட்டுனா கதவைத் தட்டிட்டுப் போறானுங்க. புள்ளைங்களைத் தனியா விட முடியாதுக்கா." அடுத்த விரிப்பில் கிட்டே வந்தவள் முனையை விடாமல் பிடித்துக்கொண்டாள். "உங்களை எதுவும் செய்யச் சொல்லல. உங்க விதியாலதான் எனக்கும் இங்க பேச வாய் கிடைச்சது. எங்க பேச்சு உங்களுக்குப் புரியாத காலத்துல, நான் ஒரு வார்த்தையைத் தேடித் தேடிச் சொல்றவரைக்கும் எல்லாரும் உக்காந்திருந்தீங்க. நான் மறக்கல."

அவள் ஏதாவது கேட்டிருந்தால் தேவலை என்று பெரியக்காவுக்கு இருந்தது.

மூன்று மணிக்கு நாற்பத்தொரு பேரும் உலர்த்தும் அறையில் கூடினார்கள். கொடியில் தொங்கிய ஈரத் துணிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு பெஞ்சுகளைப் போட்டார்கள். பெரியக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். கொதிகலன்காரர் எழுந்து வணக்கம் சொல்லி, தீர்மானத்தை மரியாதையாக வாசித்தார். யார்மீதும் தனக்கு வெறுப்பு இல்லை என்றார். பிறகு அவர் ஆட்கள் வரிசையாக எழுந்தார்கள். முதல் ஆள் சோப்புத்தூளின் விலை. இரண்டாம் ஆள் தன் சின்ன வயது ஞாபகங்கள். மூன்றாம் ஆளுக்குப் பேச எதுவும் கிடைக்காமல் போக, சுவரில் இருந்த பாதுகாப்புக் குறிப்புகளை முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தான். தீப்பிடித்தால் ஓடக் கூடாது, நடக்க வேண்டும் என்று அவன் வாசித்தபோது வண்டிக்காரர் சத்தமாகச் சிரித்தார்.

நாலே கால் ஆயிற்று. பெரியக்கா மனத்துக்குள் கணக்குப் போட்டாள். மூன்றாம் ஆள் முடித்துவிட்டான். இன்னும் ஒருவன் பேசினாலும் நாலரைக்கு ஓட்டு எடுத்துவிடலாம். பஸ்ஸுக்கு நேரம் இருக்கும். விதியும் பிழைக்கும், ஜோடியும் பிழைப்பாள்.

"இன்னும் யாராவது?" என்று கேட்டாள்.

நடு பெஞ்சிலிருந்து தம்பி எழுந்தான்.

அறையில் ஒரு அசைவு ஓடி அடங்கியது. எல்லாரும் பழக்கப்படி தரையைப் பார்த்தார்கள். கொதிகலன்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஏளனம்கூட இல்லை, சாயங்கால வேலையை முடித்துவிட்ட நிம்மதிதான் இருந்தது. அதைப் பார்த்ததும் பெரியக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ந... ந... ந..." என்று ஆரம்பித்தான் தம்பி. 'நம்ம' என்ற வார்த்தை வெளியே வர ஒன்றரை நிமிஷம் ஆயிற்று. நம்ம கூடம் நன்றாக இருக்க வேண்டும். அதைச் சொல்ல ஆறு நிமிஷம். நம்ம கூடத்துக்கு ஒழுங்கு வேண்டும். அதற்கு ஏழு. அவன் நடிக்கவில்லை. அவன் திக்கல் எது, நடிப்பு எது என்று அவளுக்குத் தெரியாதா? கழுத்து நரம்பு புடைத்து, கண் இறுக மூடி, முழங்காலைக் கையால் தட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தான். நெற்றியில் வேர்வை வழிந்தது. ஓடிப்போய்த் துடைத்துவிட வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

நாலு முப்பத்தைந்து. அக்கரைக்காரர்களில் ஒருத்தி பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நாலு நாற்பது. வண்டிக்காரர் எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டு பெரியக்காவையே பார்த்தார். இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். ஜோடி மட்டும் உட்கார்ந்தபடி மற்றவர்களைப் போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் சோறு போகிற நேரத்திலும் அவனுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெரியக்காவால் தாங்க முடியாமல் போனது அதைப் பார்த்துத்தான்.

"அ... அதனால... இ... இந்த... தீ... தீ... தீ..."

"தீர்மானம்," என்றாள் பெரியக்கா.

தரையைப் பார்த்துக்கொண்டிருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. தம்பி கண்ணைத் திறந்தான். வாய் இன்னும் அந்த எழுத்தில் நின்றிருந்தது.

"இந்தத் தீர்மானத்தை ஆதரிக்கணும்னு சொல்ல வர்ற. புரிஞ்சிடுச்சு. போதும். உக்காரு."

அவன் உட்காரவில்லை. கொதிகலன்காரர்தான் எழுந்தார். "அம்மா, ஏழாவது விதி," என்றார் பணிவாக.

"தெரியும். நான்தான் எழுதினேன்."

"நாற்காலியில உக்காந்துக்கிட்டு நீங்களே மீறலாமா?"

"மீறத்தான் மீறறேன். அப்படியே பதிவு செஞ்சுக்குங்க. பேச முடியாதவங்க பேசணும்னு எழுதினது அது. மத்தவங்க வாயை அடைக்கறதுக்கு எழுதல." அவள் எழுந்து நின்றாள். "எழுந்தவங்க ரெண்டு நிமிஷம் உக்காருங்க. ஆதரவா இருக்கறவங்க கையைத் தூக்குங்க."

பதினெட்டு. எதிராக இருபத்தொன்று. நாற்காலிக்கு ஓட்டு இல்லை. தம்பியின் கை இரண்டு முறையும் எழவில்லை. அவன் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

ஓட்டை எழுதி முடித்தபோது மணி நாலு ஐம்பது. அக்கரைக்காரர்கள் ஓடினார்கள். ஓடுகிற ஓட்டத்தில் ஜோடி அவள் தோளைத் தொட்டாள். அவ்வளவுதான், நன்றி சொல்லவும் நேரம் இல்லை. வண்டிக்காரர் போகும்போது, "செஞ்சுட்ட பெரியக்கா!" என்று கத்திவிட்டுப் போனார். அவளுக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது.

பெஞ்சுகளை ஓரம் போடும்போது கொதிகலன்காரரும் ஒரு பக்கம் பிடித்தார். எப்போதும் செய்கிற உதவி.

"தப்பா நினைக்காதீங்கம்மா. ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன். இன்னைக்கு நீங்க ஒரு காரணம் சொல்லி நிறுத்தினீங்க. அடுத்த மாசம் பதினெட்டாம் டோக்கன். எங்க ஆள். அவனுக்கும் ஒரு காரணம் இருக்கும்."

"இருக்கும்," என்றாள்.

"அப்ப விதி விதின்னு கத்தக் கூடாது."

அவர் சொன்னது சரியா என்று யோசித்துப் பார்த்தாள். பாதி சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் நாலு நாற்பதுக்குத் திரும்பிப் போக முடிந்தால் அதையேதான் செய்வாள் என்பதும் தெரிந்தது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு யாரிடம் போய்ப் பேசுவது? அறையைப் பூட்டும்போது அவள் மட்டும்தான் மிச்சம்.

குடையில்லாமல் வீட்டுக்கு நடந்தாள். தெருவில் இரண்டு பேர் அவளைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் மாறிப் போனார்கள். செய்தி அதற்குள் அவளை முந்திக்கொண்டு வந்திருந்தது. இன்னொருவர் கையைப் பிடித்துப் பாராட்டினார். பள்ளிக்கூடத்தில் அவனைப் 'பாதி' என்று கூப்பிட்ட பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் செய்ததைத்தான் நாமும் செய்திருக்கிறோம், நாற்பது பேருக்கு முன்னால். காரணம் வேறாக இருக்கலாம். அவனுக்கு வந்தது அந்தப் பழைய முகம்தான்.

அவன் முன்பே வந்திருந்தான். ஈரச் சட்டையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் துண்டை எடுத்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து, காலையில் செய்த சூப்பைச் சுடவைத்தாள். ரொட்டியை நறுக்கினாள்.

"அ... அக்கா."

கத்தியைக் கீழே வைத்தாள். ஜன்னலைப் பார்க்கிற பாவனையை இன்று செய்யவில்லை. நேராக அவனைப் பார்த்தாள்.

"அ... அவங்களுக்கு... இ... இந்த யோசனை..." மூச்சு முட்டியது. சூப் கொதித்துத் தளும்பியது. அவள் திரும்பவில்லை. "வ... வரல. நா... நான்தான்... சொ... சொன்னேன்."

"என்ன சொன்ன?"

அதற்குக் கால்மணி நேரம் ஆயிற்று. இடையில் இரண்டு முறை விட்டுவிடப் பார்த்தான். முகத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான். எங்கக்கா நாற்காலியில் இருக்கிற மாதம் என்னை எழுப்பிவிடுங்கள் என்று அவன்தான் அவர்களிடம் சொல்லியிருக்கிறான். எங்கக்கா வேறு யாரை நிறுத்தினாலும்...

"எ... என்னை... நி... நிறுத்த மாட்டா... அ... அப்படின்னு... ப... பந்தயமே கட்டினேன்."

சொல்லி முடித்துவிட்டு அவன் சிரித்தான். சின்ன வயதில், மற்றவர்கள் சிரிக்கும்போது சேர்ந்து சிரிப்பானே, அந்தச் சிரிப்பு.

அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். அவன்மேல் கோபமாக இருந்தது. அத்தனை பேர் பிழைப்பை அவள் அன்பின்மேல் பந்தயம் வைத்திருக்கிறான். அதைவிட, அவன் அவ்வளவு நம்பியிருக்கிறான் என்பது தாங்க முடியாமல் இருந்தது. உலகத்தில் அவளை அப்படி நம்ப வேறு ஆள் இல்லை.

"மறுபடி அப்படி நின்னா, மறுபடி நிறுத்துவேன்டா," என்றாள்.

அவன் தலையாட்டினான். எழுந்து வந்து சூப்பை ஊற்றிக்கொண்டு, ரொட்டியைத் தோய்த்து நின்றபடியே சாப்பிட்டான். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தான். பெரிய பையை எடுத்து இரண்டு சட்டை, ஒரு போர்வை, சவரப் பெட்டி எல்லாம் வைத்தான். ஒழுங்குக்காரர்கள் அவர்கள் ஆட்களுக்கு அறை வைத்திருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். எங்கே போகிறாய் என்று அவள் கேட்கவில்லை.

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அவன் நின்றான். அவள் ஏதோ சொல்லப்போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அவசரப்படுத்தாமல், முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தான். 'போகாதே' என்பது ஒரே சொல். அதைச் சொன்னால் நின்றுவிடுவான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். நின்றுவிட்டால், தினமும் எதிரில் உட்கார்ந்து இதே மேஜையில் சாப்பிட்டால், அடுத்த முறை அவனை நிறுத்தத் தன்னால் முடியாது என்பதும் தெரிந்தது. அவள் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். அவன் வெகுநேரம் காத்திருந்துவிட்டுப் போனான்.